கல்வி வரியின் கணக்கும் சென்னைப் பள்ளிகளுக்கு நிலையான வருவாயும் வேண்டி: கோரிக்கை மனு

அனுப்புநர்
மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டுக் குழு

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

நகல்: மாண்புமிகு மேயர் அவர்கள், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலாளர் அவர்கள், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டல அலுவலர்கள்.

பொருள்: சொத்து வரியுடன் வசூலாகும் கல்வி வரி, நூலக வரி ஆகியவற்றின் கணக்கை மண்டலவாரியாக வெளியிடுதல், பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கும் வட்டார வசதிகளுக்கும் நிலையான நிதி ஒதுக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வரியைக் குறையுங்கள் என்று கேட்டு இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. 1998க்குப் பிறகு சென்னையில் சொத்து வரி முழுமையாகச் சீராய்வு செய்யப்படவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, 15ஆவது நிதிக் குழுவின் நிபந்தனையையும் காட்டி, 2022இல் அரசு வரியை உயர்த்தியது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 விழுக்காடு ஏற்றம். 2024 அக்டோபர் முதல் மேலும் 6 விழுக்காடு. முணுமுணுத்தோம், ஆனாலும் கட்டினோம். அரையாண்டின் முதல் மாதத்திலேயே செலுத்தி 5 விழுக்காடு ஊக்கத்தொகை பெறுபவர்கள் எங்கள் உறுப்பினர்களில் கணிசம். எங்களுக்கு வேண்டியது கணக்கு.

1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளிக்கென்று தனி வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம் 1925 ஏப்ரல் 1 அன்று நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட ஆங்கில அரசு ஒப்பவில்லை என்பதே காரணம். பிள்ளைகளின் வயிற்றில் அடித்த முடிவுதான் அது, மறுக்கவில்லை. ஆனாலும் ஓரணாச் செலவு எந்த நிதியிலிருந்து போகிறது என்று அன்று ஒருவரால் கேள்வி கேட்க முடிந்தது. அந்தத் தியாகராயரின் பெயரில் அமைந்த நகரில் வரி கட்டும் எங்களுக்கு, எங்கள் மண்டலத்தில் வசூலான கல்வி வரி எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு எதற்காகச் சென்றது என்று இன்று சொல்ல எவருமில்லை.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை இது: கல்வி வரியைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை மண்டலவாரி வசூலையும் பள்ளிவாரிச் செலவையும் தமிழில் வெளியிட்டு, அந்தந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வசூலானது வசூலான மண்டலத்துக்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அடையாற்றின் பணம் வடசென்னைப் பள்ளிக்குப் போகட்டும். போனது என்று எழுதிக் காட்டுங்கள்.

பள்ளிகளுக்குப் பணமே வரவில்லை என்று சொல்லமாட்டோம். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு சிட்டீஸ் என்னும் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் 28 சென்னைப் பள்ளிகள் மேம்படுத்தப்பட்டன. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியே நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் நன்கொடை தருகிறார்கள். ஆனால் நன்கொடையாளருக்குச் சுவரில் ஓவியமும் திறன் வகுப்பறையும் பிடிக்கும். திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொள்ளலாம். கழிவறையை நாள்தோறும் கழுவும் தூய்மைப் பணியாளரின் சம்பளம், இரவுக் காவலர், பழுதான மோட்டார், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு எந்த நிறுவனமும் பெயர்ப்பலகை கேட்டு வருவதில்லை. பள்ளி சீர்கெடுவது இவை இல்லாமல்தான். இந்த அன்றாடச் செலவுகளைக் கல்வி வரியின் மீதான முதல் உரிமையாக அறிவிக்க வேண்டுகிறோம்.

தில்லியை நம்பியிருப்பதன் இடரையும் பார்த்துவிட்டோம். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால், 2024–25க்கான சமக்ர சிக்ஷா நிதியில் தமிழ்நாட்டுக்கு உரிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு, மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. நகரின் சொந்த வருவாய் வலுவாக இருந்தால் இத்தகைய இழுபறியில் பிள்ளைகள் சிக்கமாட்டார்கள்.

வருவாய்க்கு வழியும் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறது. உஸ்மான் சாலையையும் ரங்கநாதன் தெருவையும் ஒட்டிய குறுக்குத் தெருக்களில், வீடு என்ற கணக்கில் வரி கட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் கடையும் மாடியில் கிடங்கும் நடத்தும் கட்டடங்கள் உண்டு. இங்கு நடந்துபோகும் எவருக்கும் தெரியும் இது; வரி மதிப்பீட்டாளருக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் உறுப்பினர் சிலரும் இதில் அகப்படக்கூடும், அகப்படட்டும். மின் இணைப்பின் கட்டண வகை, தொழில் உரிமம், சொத்து வரிப் பதிவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடையாறு மண்டலத்தில் வேறொரு பாக்கி. அரசமைப்புச் சட்டத்தின் 285ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் கட்டடங்களுக்குச் சொத்து வரி இல்லை. ஆனால் 2009இல் உச்ச நீதிமன்றத்தில் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் ஏற்பட்ட முடிவின்படி சேவைக் கட்டணம் உண்டு. பெசன்ட் நகர் ராஜாஜி பவன், அங்குள்ள ஒன்றிய அரசு ஊழியர் குடியிருப்புகள் போன்றவற்றிடம் எவ்வளவு கோரப்பட்டது, எவ்வளவு வந்தது என்று வெளியிட வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்திரப்பதிவின்போது வசூலாகி உள்ளாட்சிக்கு உரியதாகும் 2 விழுக்காட்டு மாற்றுவரியின் கணக்கும் அதோடு வரட்டும்.

தொழில் வரியின் ஆண்டு உச்சவரம்பு 2,500 ரூபாய். 1988இல் வைத்தது. மாதம் பல லட்சம் சம்பாதிப்பவரும் இதே தொகைதான் கட்டுகிறார். இதை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றி மாநில அரசின் வழியே அனுப்பலாமே.

பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தையும் தணிகாசலம் சாலையின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தையும் நம்பி ஊரே வருகிறது. அதன் நெரிசல் உள்தெருக்களில் வடிகிறது. இந்த வட்டாரத்தின் வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கை இங்குள்ள நடைபாதை, தெருவிளக்கு, பொதுக் கழிப்பறைப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கக் கோருகிறோம்.

கடன் பத்திரம் குறித்தும் ஒரு வார்த்தை. 2025இல் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. மழைநீர் வடிகாலுக்குக் கடன் வாங்குவது சரி. பல தலைமுறைக்குப் பயன்படுவதன் செலவைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பலாம். பள்ளிக் காவலரின் சம்பளத்துக்கு அந்த வழி ஆகாது. அப்படியொரு யோசனை வந்தால் எதிர்ப்போம்.

சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி கட்டுகிறோம். வசூலாகும் தொகை நூலக ஆணைக்குழுவுக்கு முழுமையாகவும் உடனுக்குடனும் சென்றதா, நிலுவை எவ்வளவு என்ற விவரமும் வேண்டும்.

இத்தனை விவரமும் மக்களிடம் வருவதற்குப் புது அமைப்பு தேவையில்லை. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் பகுதி சபை முதலமைச்சர் முன்னிலையிலேயே கூடியது. எங்கள் மூன்று மண்டலங்களிலும் பகுதி சபைகள் விதிப்படி தவறாமல் கூட வேண்டும். கூட்ட நாளைப் பதினைந்து நாள் முன்னதாக அறிவித்து, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களை அழைத்து, அவர்களின் தேவைப் பட்டியலை வார்டு குழு வழியே வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்க இயலாதவற்றுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தின் வரைவு தயாராகும் முன், வருவாய், கல்வி, நிதி ஆகிய மூன்று பிரிவுகளின் அலுவலர்களும் ஒரே மேசையில் இருக்கும்படி எங்கள் குழுவுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். தனித்தனியே சந்தித்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மேற்கண்ட கணக்குகளின் கடைசி மூன்று ஆண்டு விவரங்களைச் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பாக அனுப்பி வைத்தால் பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கூட்டுக் குழுவின் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்

இணைப்பு: உறுப்புச் சங்கங்களின் தீர்மான நகல்கள்.