எழுபதும் தொண்ணூறும்

படியால் அளந்த அரிசியையும் தராசில் நிறுத்த அரிசியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட இயலுமா? இயலாது என்று சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் மதிப்பெண் என்று வந்துவிட்டால் பெரியவர்களும் இதை மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவில் பட்டம் பெற்று, பிரிட்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவியின் நிலை இதற்கு நல்லதொரு சான்று.

பிரிட்டனில் பொதுவாக 70 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. மாணவர் பேச்சில் அது 'டூ ஒன்'. 50 முதல் 59 வரை கீழ்ப்பிரிவு, 'டூ டூ'. 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. அங்கே 72 பெற்றவள் தலைநிமிர்ந்து நடப்பாள். அமெரிக்கக் கல்லூரிகளிலோ பெரும்பாலும் 90க்கு மேல் பெற்றால்தான் 'ஏ'. 72 என்றால் 'சி'. எண் ஒன்றே, ஓரிடத்தில் பாராட்டு, மற்றோரிடத்தில் தலைகுனிவு!

கணக்கிடும் முறையும் வேறு. அமெரிக்காவில் நான்கு ஆண்டுப் பாடங்களும் சேர்ந்து, 4.0க்கு இத்தனை என்று தரப்புள்ளிச் சராசரி ஆகின்றன. இங்கிலாந்தில் பல பட்டப்படிப்புகளில் முதலாண்டில் தேறினால் போதும். வகுப்பைத் தீர்மானிப்பவை பிந்தைய ஆண்டுகளே. 'ஹானர்ஸ்' என்ற சொல் அமெரிக்காவில் தனிச்சிறப்பைக் குறிக்கும். பிரிட்டனிலோ மூன்றாம் வகுப்பில் தேறியவளும் 'ஹானர்ஸ்' பட்டதாரியே.

ஆகவே, தன் சராசரியைத் தானே ஒரு வகுப்பாக மாற்றி எழுதுவது முறையன்று என்பது எங்கள் கருத்து. 'டூ ஒன்' கேட்கும் இடங்களில் சில, 3.2 அல்லது 3.3 போதும் என்கின்றன. போட்டி மிகுந்தவை 3.7 வரை கேட்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அமெரிக்கப் பட்டதாரிகளுக்கு என்ன வேண்டுமென்று கூறுவதைப் படித்து, உள்ள சராசரியை உள்ளபடியே எழுதி, முழு மதிப்பெண் பட்டியலையும் அனுப்புவதே நேர்மையான வழி.

இரு முறைகளிலும் குறை உண்டு. 59க்கும் 60க்கும் இடையே ஒரே மதிப்பெண்தான். ஆயினும் ஒருத்திக்குக் கதவு திறக்கிறது, மற்றவளுக்கு மூடுகிறது. அமெரிக்க முறையிலோ, வீட்டைப் பிரிந்த முதலாண்டில் இடறியவளை அந்த இடறல் இறுதிவரை தொடர்கிறது. அப்படியானால் மதிப்பெண்ணே வேண்டாமா? அவ்வாறு நாங்கள் சொல்லவில்லை. உழைப்பை அளக்கத்தான் வேண்டும். ஆனால் தேர்வு செய்பவர்கள் ஓர் எண்ணோடு நின்றுவிடாமல், எந்தப் பாடத்தில் எப்படி வளர்ந்தாள் என்று பட்டியல் முழுவதையும் பார்க்க வேண்டும்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற சொற்கள் நமக்கும் பிரிட்டனிலிருந்து வந்தவையே. ஆனால் நம் நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் 60 பெற்றாலே முதல் வகுப்பு. சொல் கடல் கடந்தது, அளவு மாறிவிட்டது! அன்புப் பெற்றோரே, தோழியரே, இனி யாரேனும் ஒரு மதிப்பெண்ணைச் சொன்னால் உடனே மெச்சவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். எந்தப் படியால் அளந்தார்கள் என்று முதலில் கேட்போம்.