ஏடுகள் கணினி ஏறின, வினாக்கள் எங்கே?

சங்க இலக்கியம் முழுவதும் கணினியில் ஏறிவிட்டது, இனித் தமிழுக்குக் குறையொன்றும் இல்லை என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் 1998 முதல் ஊதியம் கருதாது தட்டெழுதித் தந்த நூல்களுக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டது. ஆயினும் ஏற்றிவைத்ததையே ஆராய்ச்சியென மயங்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருப்பது வேறு. உலையில் சோறு வேவது வேறு.

அகநானூற்றைத் தொகுத்த சான்றோரை எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். சுழியில் முடிவன நெய்தல். பாட்டெண்ணைச் சொன்னாலே திணை விளங்கும். நூலுக்குள் வினவிச் செல்ல வழி சமைத்த புலமை அது. அந்நூலை நாமோ கணினியில் வெறும் எழுத்து வரிசையாகக் கொட்டி வைத்திருக்கிறோம்.

பயன் யாது? ‘களிறு’ என்று தேடினால் ‘களிற்று’ என்பதும் ‘களிறென’ என்பதும் அகப்படா. ‘பிடி’ என்று தேடினால் பெண்யானையும் வரும், கைப்பிடியும் வரும். ‘தோழி’ என்ற சொல்லை எண்ணினால், புலவர் பாடிய சொல்லோடு, பாட்டைச் சார்ந்து நிற்கும் கூற்றுக் குறிப்பும் சேர்ந்து எண்ணப்படும். இத்தகைய கணக்கை நம்பி ஆய்வேடு எழுதினால் அது நிலைக்குமோ?

இதற்கு மருந்து உண்டு. 1998இல் வகுக்கப்பெற்ற எக்ஸ்.எம்.எல். முறையில் அடி, புலவர், திணை, கூற்று, பாடவேறுபாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி இடலாம். இலக்கிய நூல்களுக்கு ஏற்ற குறிகளை, 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. முயற்சி நெறிப்படுத்தியுள்ளது. குறியிட்ட நூலை வினவும் மொழிகளே 1999இல் வந்த எக்ஸ்பாத்தும் 2007இல் வந்த எக்ஸ்குவெரியும். ‘பாலைப் பாடல்களில், தோழி கூற்றாயின், பாட்டின் அடிகளுக்குள் மட்டும் தேடுக’ என இடம் சுட்டுவது எக்ஸ்பாத். கிடைத்தவற்றைப் புலவர்வாரியாகத் தொகுத்து எண்ணவும், இரு பதிப்புகளை அருகருகே வைத்துப் பாடம் மாறும் இடங்களைத் திரட்டவும் வல்லது எக்ஸ்குவெரி.

‘அதெல்லாம் பொறியாளர் வேலை’ என்று கைகழுவும் தமிழறிஞர்க்கு ஒரு சொல். கூற்றுக்கும் துறைக்கும் வேறுபாடு அறியாதவர் எழுதும் வினா, விரைவாகப் பிழை தரும், அவ்வளவே. ‘செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போதும்’ என்னும் இளைஞர்க்கும் ஒரு சொல். வந்த வழி தெரியாத விடை சான்றாகாது. எழுதி வைத்த வினாவையோ, நாளை மற்றொருவர் அதே நூலில் இயக்கி, நம் முடிவு மெய்யா பொய்யா எனத் தாமே காணலாம். வினாவே சான்று.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் ஒரு வியப்பு உண்டு. தந்தை இலக்கியம் கற்றவர். மகளோ வங்கிக் கணக்குகளையும் வணிகப் பட்டியல்களையும் நாள்தோறும் வினவிப் பழகியவள். இருவரும் ஒரே கூரையின்கீழ் உண்கின்றனர். ஒரே பாட்டின்முன் ஒருநாளும் அமர்ந்ததில்லை. தமிழ்ச் சங்கம் அவர்களை அமர்த்தட்டும். அகநானூற்றின் முதற் பத்துப் பாடல்களிலேயே ஐந்திணையும் உண்டு. அவற்றுக்குத் தந்தை குறி சொல்ல, மகள் வினா எழுதட்டும். பிறகு நானூறுக்கும் விரித்து, தொகுத்தோர் வகுத்த எண்முறையோடு நாம் இட்ட திணைக்குறி ஒத்துவருகிறதா என்பதையே முதற் சோதனையாக வினவட்டும்.

பட்டிமன்றம் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் இவ்வகுப்புக்கு நேரம் கிடைக்கும். மனம் உண்டா என்பதே கேள்வி.