பாதி வீடு உனக்கு, மீதி வட்டி யாருக்கு?

'கூட்டு' என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பூசணிக்காய். அடுத்தது குடும்பம். இப்போது மூன்றாவதாக வீடும் சேர்ந்திருக்கிறது. முதலாவது கெட்டுப் போனால் கொட்டிவிடலாம். இரண்டாவது கெட்டுப் போனால் தனிக்குடித்தனம் போய்விடலாம். மூன்றாவது கெட்டுப் போனால்தான் கஷ்டம். கொட்டவும் முடியாது, கிளம்பவும் முடியாது. இருபது வருஷத்துக்கு ஈ.எம்.ஐ. கட்டியாகணும்!

சேர்ந்து வீடு வாங்குகிறவர்கள் மூன்று ரகம். புருஷன் - பெண்டாட்டி, அப்பா - பிள்ளை, அண்ணன் - தம்பி. காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருத்தர் சம்பளச் சீட்டைக் காட்டினால் பாங்க் மானேஜர் தருகிற லோன் அஸ்திவாரத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டு சீட்டையும் சேர்த்து நீட்டினால் மொட்டைமாடி வரைக்கும் வருகிறது.

வாங்கும்போது எல்லாம் இனிக்கத்தான் செய்யும். கிரகப்பிரவேசத்தில் பசுமாட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி நின்று போட்டோ எடுத்துக் கொள்வார்கள். தகராறு ஆரம்பிப்பது, ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து "புரூஃப் எல்லாம் கொடுங்க ஸார்" என்று ஓலை வரும்போது.

"வட்டி சர்ட்டிபிகேட்டை எடுடா. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"எங்க ஆபீஸ்லயும்தாண்ணே கேக்கறாங்க."

பாங்க் கொடுத்ததோ ஒரே ஒரு சர்ட்டிபிகேட். பாதுகையை வாங்கிக்கொண்டு போன பரதனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அயோத்தி மேல் ஹவுஸிங் லோன் கிடையாது!

கவலைப்படாதீர்கள். அந்த ஒரே சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் போட்டு இரண்டு பேருமே கொடுக்கலாம். ஆனால், இரண்டு பேரும் முழு வட்டியையும் எழுதக்கூடாது. யார் எவ்வளவு எழுதலாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வரிச் சலுகை என்பது மூன்று பூட்டு போட்ட பெட்டி. முதல் பூட்டு, கிரயப் பத்திரம். அதில் உங்கள் பெயர் இருக்கணும். இரண்டாவது, லோன் பேப்பர். அதிலும் இருக்கணும். மூன்றாவது, பணம். தவணை உங்கள் பாங்க் கணக்கிலிருந்து போயிருக்கணும். மூன்றும் திறந்தால்தான் பெட்டி திறக்கும். இரண்டு திறந்து ஒன்று மக்கர் செய்தாலும் 'போய்ட்டு வாங்க ஸார்'தான்.

இங்கேதான் நம்ம வீடுகளில் வண்டி குடை சாய்கிறது. அப்பா பேரில் வீடு. தவணை கட்டுவது பிள்ளை. மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வந்த ஜோரில் இருபதாயிரம் பறந்துவிடும். "எங்கப்பா வீடுதானே ஸார்" என்று பிள்ளை சொன்னால் அக்கவுன்ட்ஸ்காரர், "ரொம்ப சந்தோஷம் ஸார், பத்திரத்தில் உங்க பேரு எங்கே?" என்பார். கழிவு பைசா கிடைக்காது. பாசத்துக்குக் கழிவு கொடுக்கிற பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

புருஷன் பேரில் பத்திரம், வேலைக்குப் போகிற மனைவி பாதித் தவணை கட்டுகிறார் என்றாலும் இதே கதைதான். அவர் கட்டுகிற பணத்துக்கு வரிச் சலுகையும் இல்லை, பத்திரத்தில் ஒரு செங்கல்லும் இல்லை. இதற்கு நேர்மாறாக, பத்திரத்தில் மட்டும் பேரை வைத்துக்கொண்டு லோனிலும் சேராமல் தவணையும் கட்டாத தம்பிகள் உண்டு. அவர்களுக்கு வீட்டில் பங்கு உண்டு, வட்டியில் கழிவு கிடையாது.

சரி, மூன்று பூட்டும் திறந்தாச்சு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 24-ம் பிரிவு, 80-சி என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தோமே, அந்தச் சமாசாரம்தான். 2025-ம் வருஷத்துப் புதுச் சட்டத்தில் (இது 2026 ஏப்ரல் 1-லிருந்து அமல்) அவற்றுக்கு வேறு நம்பர் கொடுத்துவிட்டார்கள். சரக்கு பழசுதான். நாமே குடியிருக்கிற வீட்டுக்கு, பழைய வரிமுறையில், கடன் வட்டியில் வருஷத்துக்கு 2 லட்ச ரூபாய் வரை கழித்துக் கொள்ளலாம். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வீடு கட்டி முடிந்திருக்கணும். இல்லாவிட்டால் 2 லட்சம், 30 ஆயிரமாக இளைத்துவிடும். அசலுக்கு 80-சி-யில் இடம் உண்டு. அங்கே பி.எஃப்., இன்ஷூரன்ஸ், குழந்தைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும். மொத்தமே 1.5 லட்சம்தான்.

இதில் கூட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு லட்டு இருக்கிறது. இந்த 2 லட்சம் வீட்டுக்கு இல்லை, ஆளுக்கு! இரண்டு பேர் சேர்ந்து வாங்கி, பங்கு இன்னின்னாருக்கு இவ்வளவு என்று திட்டமாக இருந்தால், தலைக்கு 2 லட்சம் உச்சவரம்பு.

கணக்குப் போடுவோம். 40 லட்சம் கடன், எட்டரை சதவிகித வட்டி, 20 வருஷம். மாசத் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் வருஷம் கட்டுகிற நாலேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பணத்தில் அசலுக்குப் போவது சுமார் 80 ஆயிரம்தான். மீதி 3,37,000 வட்டி. (இதைப் படித்துவிட்டு மயக்கம் வந்தால் சோடா குடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

அண்ணன் மட்டும் வாங்கியிருந்தால் 2 லட்சம் கழிப்பார். பாக்கி 1,37,000 வீணாகும். அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 1,68,500. முழு வட்டியும் கழிவில் வந்துவிடும். இரண்டு பேருமே 30 சதவிகித வரி கட்டுகிறவர்கள் என்றால், செஸ்ஸோடு சேர்த்து அந்த ஒரு வருஷத்தில் குடும்பத்துக்கு மிச்சம் 42,700 ரூபாய் சொச்சம்.

"பாதிப் பாதி எதுக்கு ஸார்? இந்த வருஷம் அண்ணன் ஜாஸ்தி எழுதட்டும், அடுத்த வருஷம் தம்பி எழுதட்டும்" என்று சிலர் ஐடியா கொடுப்பார்கள். அது தீபாவளிச் சீட்டு. வரிக் கணக்கு அப்படி முறை வைத்து நடக்காது. பத்திரத்தில் பங்கு எப்படியோ, லோன் எப்படியோ, கட்டிய பணம் எப்படியோ, கழிவும் அப்படித்தான் போகணும்.

பத்திரத்தில் பங்கே எழுதவில்லை என்றால்? பெரும்பாலான பத்திரங்களில் 'இருவரும்' என்று போட்டு நிறுத்திவிடுகிறார்கள். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. அதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால், சமபங்கு. முக்கால் பங்கு பணம் போட்ட தம்பிகள் இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படிக்கவும்.

இதுவரை படித்துவிட்டு அண்ணனோடு மல்லுக்கு நிற்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சண்டையே வீணாகலாம்!

'நியூ ரெஜீம்' என்று ஆபீஸில் சொல்கிறார்களே, அந்தப் புதிய வரிமுறைதான் 2023-24-லிருந்து நாம் வாயைத் திறக்காவிட்டால் நம் தலையில் வந்து உட்காருகிற முறை. அதில் குடியிருக்கிற வீட்டு வட்டிக்குக் கழிவு இல்லை. 80-சி-யும் இல்லை. 2025-26 கணக்குப்படி 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த முறையில் வரியே பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது?

அதற்கு மேலே வாங்குகிறவர்? 15 லட்சம் சம்பளக்காரரை எடுத்துக் கொள்வோம். பழைய முறையில் 1,68,500 வட்டிக் கழிவையும், முழு 80-சி-யையும் எடுத்துக்கொண்ட பிறகும் வரி சுமார் 1,58,000. புதிய முறையில் ஒன்றுமே கழிக்காமல் 97,500. அதாவது அண்ணனும் தம்பியும் வருஷம் பூரா முகம் கொடுத்துப் பேசாமல் எந்தக் கழிவுக்காக அடித்துக் கொண்டார்களோ, அந்தக் கழிவை எடுத்துக்கொண்டால் ஆளுக்கு அறுபதாயிரம் நஷ்டம்! வீட்டு வாடகைப்படி மாதிரி வேறு பெரிய கழிவுகளும் கூட இருக்கிறவருக்குத்தான் பழைய முறை கட்டுப்படியாகும். ஒரே வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் என்பதால் இரண்டு பேரும் ஒரே முறையில்தான் போகணும் என்றும் இல்லை. அண்ணன் பழசு, தம்பி புதுசு என்றிருக்கலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறும். வாடகையில் வட்டியைக் கழிப்பதற்குப் புதிய முறையிலும் தடை இல்லை. ஆனால், வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடகை வருமானமும் பங்குப்படி இரண்டு பேர் கணக்கிலும் வரணும். "வாடகை அம்மா கைக்குப் போகுது, வட்டி மட்டும் எனக்கு" என்பது செல்லாது.

இந்த மூன்று பூட்டு நம்ம ஊர்க் கெடுபிடி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுக் கூரையில் சோலார் பலகை போட்டால் செலவில் 30 சதவிகிதத்தை வரியிலேயே கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2025 டிசம்பர் 31 வரை செய்த செலவோடு அதற்கு மங்களம் பாடிவிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாழ்கிற வீடு என்றால் அங்கேயும் முழுச் செலவையும் இரண்டு பேரும் எழுத முடியாது. யார் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போனதோ, அவரவருக்கு அந்த அளவு.

நம்ம நாட்டிலும் சோலாருக்கு, 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். அது வரிக் கழிவு இல்லை, ரொக்கம். அங்கே பார்ப்பது ஈ.பி. இணைப்பு யார் பேரில் என்பதை. நம்ம தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அது இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. தாத்தா போட்டோவில் மாலையோடு சிரித்துக் கொண்டிருக்கிறார்!

ஆக, வரி ஆபீஸ் கேட்பது மூன்றே மூன்று கேள்வி. யார் பேரில்? யார் கடன்? யார் பணம்? இதை வெள்ளைக்காரன் கேட்டாலும் சரி, டெல்லிக்காரர் கேட்டாலும் சரி, நமக்குப் பதில் தயாராக இருக்கும். கேட்காதவர்கள் நம்ம வீட்டுக்காரர்கள்தான். "அண்ணன் தம்பிக்குள்ள என்னடா கணக்கு?" என்பார் அப்பா. பெருந்தன்மையான வார்த்தை. ஆனால், அந்தக் கணக்கை இன்றைக்கு இரண்டு பேர் உட்கார்ந்து எழுதினால் கால் மணி நேரம். பதினைந்து வருஷம் கழித்து, இரண்டு பேருடைய பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்து எழுதப் போனால் கோர்ட்டில் வாய்தா.

ஜாயின்ட் லோனில் இன்னொன்றும் இருக்கிறது. நாம் பாதிப் பாதி என்று பேசிக்கொள்வது வீட்டுக்குள்ளே மட்டும். பாங்க்குக்கு அது தெரியாது. தம்பி கட்டாமல் விட்டால் முழுத் தவணையையும் அண்ணனிடம் கேட்கும். சிபிலில் இரண்டு பேர் பேரும் கெடும். கோபித்துக்கொண்டு வீட்டை அவசரமாக விற்றாலும் வம்பு. சுவாதீனம் எடுத்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் விற்றால், 80-சி-யில் அதுவரை கழித்த அசலை எல்லாம் விற்கிற வருஷத்து வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பத்திரம் பதியும்போதே பங்கை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். 50-க்கு 50-ஓ, 70-க்கு 30-ஓ, கூச்சப்படாதீர்கள். லோனில் இரண்டு பேரும் சேருங்கள். முன்பணத்தை அவரவர் கணக்கிலிருந்து செக்காகவோ டிரான்ஸ்ஃபராகவோ கொடுங்கள். தவணை ஒருத்தர் கணக்கில்தான் பிடிக்கும் என்றால், மற்றவர் தன் பங்கை மாசாமாசம் அந்தக் கணக்குக்கு அனுப்பிவிடட்டும். கையில் கொடுத்த காசுக்கு வாய் கிடையாது. பாஸ்புக்குக்கு உண்டு. அப்பா பேரில் இருக்கிற வீட்டுக்குத் தவணை கட்டுகிறவர்கள், அப்பாவிடம் நல்ல மூடு பார்த்து, ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு பத்திர விஷயத்தைப் பேசுங்கள். சொத்துக்கு அலைகிறான் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரும் தவணை கட்ட வரமாட்டார்கள்.

வரிச் சலுகை பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். இன்றைக்கு 2 லட்சம், நாளைக்கு என்னவோ. மாறாமல் இருக்கப் போவது அந்தப் பத்திரம் ஒன்றுதான். அண்ணன் தம்பிக்கு நடுவில் சுவர் எழும்பக்கூடாது என்றால், முதலில் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. கோட்டுக்கு சிமென்ட் செலவு கிடையாது!