ஆளைத் தண்டித்தால் பிழை போய்விடுமா?

2023 ஜூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் ஊசி மருந்து ஏற்றப்பட்ட ஓர் இளம்பெண் இறந்தபோது நாடே கொதித்தது. அந்த மரணத்துக்கு இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதையொட்டி எழுந்த பேச்சைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. "யாரோ கவனமில்லாமல் செய்த வேலை. ஆளைப் பிடித்துத் தண்டித்தால் எல்லாம் சரியாகிவிடும்." அதே வளாகத்தை ஒட்டியிருக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறப்புச் சிறுவர் வைத்தியசாலைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோரும் இதைத்தான் நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை மட்டுமல்ல, குழந்தைகளுக்கு ஆபத்தானதும்கூட.

முதலில் "கவனக்குறைவு" என்ற வாதம். பெரியவருக்குப் பெரும்பாலும் "இரண்டு குளிசை" என்றால் முடிந்தது. குழந்தைக்கோ ஒவ்வொரு முறையும் எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 10 கிலோ குழந்தைக்குப் பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 6.25 மில்லிலீற்றர். அதே மருந்தின் சொட்டுப் போத்தலில் 1 மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். போத்தல் மாறினால் குழந்தைக்குள் போவது நான்கு மடங்கு. 0.5 என்பதில் புள்ளி மங்கினால் பத்து மடங்கு. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துப் பிழைகள் சிறுவர் பிரிவில் பெரியவர்களைவிட மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. அங்குள்ள தாதியர் எல்லோரும் அசட்டையானவர்களா?

இரவுக் கடமையில் தனியாக நிற்கும் ஒரு தாதி, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஆம்பியூல்களில் ஒன்றை எடுக்கிறார். அவரை நீக்கிவிட்டு அதே ஆம்பியூல்களை அதே தட்டில் வைத்தால், நாளை இன்னொருவர் அதே தவறைச் செய்வார். செறிந்த பொட்டாசியம் குளோரைட்டை வார்டு அலுமாரியில் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். வேண்டுமென்றே செய்தவரையும், பிழையை மூடி மறைத்தவரையும் தண்டியுங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிழை செய்த மனிதரைத் தண்டிப்பது வேறு, பிழை குழந்தையை எட்டாமல் தடுப்பது வேறு.

அடுத்தது, "பிழைகளை வெளியே சொன்னால் வைத்தியசாலையின் பெயர் கெடும்" என்பது. இதற்கான பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவித்து, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், எங்கே தாமதம், எங்கே தவறு என்று ஆராயும் முறையை இலங்கை பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. தெற்காசியாவில் தாய் மரணம் மிகக் குறைந்த நாடுகளில் நாம் இருப்பதற்கு மருத்துவிச்சிகளும் இலவச வைத்தியமும் அடிப்படை. இந்த விசாரணை முறைக்கும் அதில் பங்குண்டு. அறிக்கையிட்டதால் நம் மகப்பேற்று வார்டுகளின் பெயர் கெடவில்லையே! சிறுவர் வார்டில் நடக்கும் பிழைகளையும், நடக்கவிருந்து தப்பிய பிழைகளையும் அதே துணிவோடு பேச என்ன தடை?

"காசில்லை" என்பார்கள். 2022 நெருக்கடியில் மருந்துகள் தீர்ந்ததும், வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதும் உண்மை; அதை மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் வெறும் 19 அம்சங்கள் கொண்ட ஒரு தாள். புதுடில்லி, மணிலா உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் 1.5 சதவீதமாக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வுதான். என்றாலும் வாசித்துச் சரிபார்க்கும் பழக்கத்துக்குக் கோடிகள் தேவையில்லை என்பதை அது காட்டிவிட்டது.

கடைசி வாதம்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. "பெற்றோர் கேள்வி கேட்டால் வேலை கெடும்." புசல்லாவையிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ காய்ச்சல் குழந்தையோடு வரும் தோட்டத்துத் தாய், சிங்களத்தில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் பாணிப் போத்தலோடு திரும்புகிறார். வீட்டில் தேக்கரண்டி. ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7. போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்க அவரால் முடியாது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொன்ன பிறகும் நிலைமை இது. வார்டில் தமிழ் பேச ஒருவர் இருப்பதையும், மருந்து உறையில் தமிழ் இருப்பதையும் சலுகையாக நினைப்பதை நிறுத்துவோம். இரண்டும் மருந்தின் அளவைப் போலவே சிகிச்சையின் பகுதி. பிள்ளைக்கு முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு யாரையும்விடத் தாய்க்குத்தான் தெரியும். அவரைப் பேசவிடாத வார்டு ஒரு காவலை இழக்கிறது.

பெற்றோரே, வைத்தியசாலைக்குப் போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். எடையை அங்கேயே நிறுக்கச் சொல்லுங்கள். "எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை?" என்று கேட்டு, நீங்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அளக்கும் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். பதில் விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.