‘அப்பால பாத்துக்கலாம்’ என்கிற தப்புக் கணக்கு

வடசென்னையில் டோல்கேட்டிலிருந்து தேரடி வரைக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சுகர் மாத்திரை போடுகிற ஒருவராவது இருப்பார். டீக்கடையில் “சக்கரை கம்மியா” என்று குரல் கேட்டபடியே இருக்கும். ஆகவே சுகரைப் பற்றி இங்கே எல்லாரும் பேசுவார்கள், எல்லாரிடமும் ஒரு வைத்தியமும் இருக்கும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். சின்ன வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டு வளர்ந்த ஒரு பெண் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தால், அவளுக்கும் அதே பொது ஞானம்தான் ஆலோசனையாகக் கிடைக்கும்: “மொதல்ல வயித்துல ஒண்ணு தங்கட்டும்மா. சுகரை அப்பால பாத்துக்கலாம்.”

சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கல்யாணமாகி ஆறு மாதம் போனால் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்க ஊரே காத்திருக்கிறது. சுகர் வேறு இருக்கிறது, தள்ளிப்போட்டால் கிடைக்காமலே போய்விடுமோ என்ற பயமும் நியாயமானதே. ஆனாலும் டைப் ஒன் சுகர் உள்ள பெண்ணுக்கு இந்த யோசனை வரிசையைத் தலைகீழாக்குகிறது. அவளுடைய சுகரைப் பார்க்க வேண்டிய காலம் கர்ப்பத்துக்கு முந்திய மாதங்கள். ஏன் என்று ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

“எங்க வூட்டுப் பொண்ணுக்கும் ஆறாம் மாசத்துல சுகர் வந்துச்சு. பெத்ததும் போயிடுச்சு.”

உண்மைதான். ஆனால் அது வேறு சுகர். ஒரே பெயரில் நாம் மூன்று நோய்களை அழைக்கிறோம். மாத்திரையோடு வாழும் மாமாவுக்கு இருப்பது டைப் டூ. ஆறாம் மாதத்தில் வந்து பிரசவத்தோடு போவது கர்ப்பகால சுகர். டைப் ஒன்னில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. வெளியிலிருந்து ஊசியாகப் போடாமல் உயிர் நிற்காது.

கர்ப்பகால சுகரில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. டாக்டர் வீ. சேஷையாவின் நீண்ட உழைப்புக்குப் பின், 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுகர் பரிசோதனை கட்டாயம் என்று அரசு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதுதான். அந்தப் பரிசோதனை எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கர்ப்பத்தின்போது முளைக்கும் சுகரைக் கண்டுபிடிக்க வந்த முறை அது. கர்ப்பத்துக்குப் பத்து வருடம் முன்பே சுகரோடு இருப்பவளுக்கு அந்த நாள்காட்டி பொருந்தாது. அப்பால பார்க்கலாம் என்ற நம்பிக்கை இந்த நல்ல அனுபவத்திலிருந்து பிறந்து, தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“நாள் தள்ளிப்போன உடனே ஆஸ்பத்திரிக்குப் போனா போதாதா?”

நாட்களை எண்ணிப் பாருங்கள். மாதவிலக்கு 28 நாள் சுழற்சி என்றால், கரு உருவாவது ஏறக்குறைய 14ஆம் நாளில். நாள் தள்ளிப்போகும்போதே கருவுக்கு இரண்டு வார வயது. “ஒரு வாரம் போகட்டும்” என்று பார்த்து, வீட்டில் கிட் வைத்துச் சோதிக்கும்போது மூன்று வாரம். மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுவதற்குள் ஐந்தாறு வாரமாகிவிடும்.

பின்னாளில் மூளையும் முதுகுத்தண்டு நரம்புமாக ஆகப்போகிற குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. எட்டு வாரத்துக்குள் இதயத்தின் அறைகள் பிரிந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்த உறுப்புகள் சரியாக உருவாகாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது, கரு கலையும் வாய்ப்பும் கூடுகிறது. சீட்டு வாங்கி வரிசையில் உட்காரும்போது அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

சுகரோ ஒரே வாரத்தில் இறங்கி நிலைபெறுவதில்லை. ‘மூணு மாச சுகர்’ என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி, கடந்த இரண்டு மூன்று மாத சராசரியைக் காட்டுகிறது. இன்றைக்குத் திருந்தினால் பலன் அந்தச் சீட்டில் முழுதாகத் தெரிய மூன்று மாதம் ஆகும். அரசின் மகப்பேறு உதவிக்குப் பெயர் பதிய 12 வாரம் வரை அவகாசம் இருக்கிறது. கருவின் இதயத்துக்கு அந்த அவகாசம் இல்லை.

“முன்னாடியே குறைச்சா மட்டும் என்ன ஆயிடப்போவுது?”

ஆகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்பர்க் ஆய்வு 1983இல் வெளியானது. கர்ப்பத்துக்கு முன்பே சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்த தாய்மார்களின் 128 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் பெரிய பிறவிக் குறை இருந்தது. கர்ப்பமான பிறகு சிகிச்சையைத் தொடங்கியவர்களின் 292 குழந்தைகளில் 22க்கு இருந்தது. 1991இல் வெளியான கலிபோர்னியா ஆய்விலும் அதே படம்தான். முன்பே வந்தவர்களிடம் 84க்கு 1, பிறகு வந்தவர்களிடம் 110க்கு 12.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் வருகிறவர்கள் இயல்பாகவே எல்லா விஷயத்திலும் கவனமானவர்கள். வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்தக் கவனத்துக்கும் போகும். ஆனால் வெவ்வேறு நாடுகளில் பார்த்தும் விடை ஒரே திசையைக் காட்டுகிறது. சுகர் கூடக் கூட ஆபத்து படிப்படியாகக் கூடுவதும் தெரிகிறது. ஆகவே கவனம் என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது.

“மாசமா இருக்கும்போது இன்சுலின் ஊசியா? குழந்தைக்குச் சூடும்மா.”

இந்தப் பேச்சுகளிலேயே ஆபத்தானது இதுதான். தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. தாண்டிப் போவது சர்க்கரை. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பீடர்சன் 1950களில் இதை விளக்கினார்: தாயிடமிருந்து வரும் கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிறந்து தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோக, அதன் சுகர் தடாலென்று இறங்குகிறது. ஊசியை நிறுத்தினால் குழந்தைக்குச் சூடு தணியாது. தாய்க்கு ரத்தத்தில் அமிலம் ஏறி, இரண்டு உயிருக்கும் ஆபத்து வரும். ஊசிக்குப் பதில் கஷாயம், மாத்திரை என்பதெல்லாம் டைப் ஒன்னில் நடக்காது.

உண்மையில் முன்கூட்டியே நிறுத்த வேண்டிய மருந்துகள் வேறு. அவற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சிறுநீரகத்தைக் காக்கவும் பி.பி.க்காகவும் தரப்படும் எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள், கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் ஆகியவை கர்ப்பத்துக்கு ஆகாதவை. சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்று அவரிடமே கேட்க வேண்டும்.

“அப்படின்னா பட்டினி கிடந்தாவது சுகரை அடிமட்டத்துக்கு இறக்கிடலாம்.”

இது எதிர்ப்பக்கத் தவறு. டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் இலக்கு ஹெச்.பி.ஏ.1சி 6.5க்குக் கீழே. ஆனால் அடிக்கடி லோ சுகர் வராமல் எட்ட முடிந்தால் மட்டுமே அந்த இலக்கு. 10க்கு மேல் இருந்தால் இப்போதைக்குக் கர்ப்பம் வேண்டாம் என்று பிரிட்டன் வழிகாட்டி உறுதியாகச் சொல்கிறது. இடைப்பட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 9.5இலிருந்து 8க்கு வந்தாலும் ஆபத்து அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றே பொருள்.

அவசரமாக இறக்குவதிலும் சிக்கல் உண்டு. கண்ணின் விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சுகர் வேகமாக இறங்கும்போது அது கொஞ்ச காலம் மோசமாகலாம். அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், தைராய்டு ஆகியவையும் அதே பட்டியலில் வரும். நம் ஊரில் ரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்.பி.ஏ.1சியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் விரல்நுனியில் குத்திப் பார்க்கும் எண்களையும் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும்.

கர்ப்பமான முதல் மூன்று மாதத்தில் வாந்தியும் இருக்கும், இன்சுலின் தேவையும் குறையும். லோ சுகர் அதிகம் வருவது அப்போதுதான். பிந்திய மாதங்களில் தேவை இரட்டிப்பாகவும் ஆகலாம். பட்டினி பழகியவளால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாது. எப்போது சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்குப் பழகியவளால் முடியும். விரதமும் ஷிப்டும் உள்ள வீட்டில் இந்தக் கணக்கை வீட்டிலிருக்கும் மற்றவர்களும் படித்திருக்க வேண்டும். அவளுக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

“சுகர்காரிக்குப் பிள்ளை தங்காது. தங்கினாலும் அதுக்கும் சுகர்தான்.”

1922 ஆகஸ்டில் 20 கிலோ எடைக்கு மெலிந்து, சாவின் வாசலில் டொராண்டோவுக்கு அழைத்துவரப்பட்டாள் எலிசபெத் ஹியூஸ் என்ற பதினைந்து வயதை எட்டாத அமெரிக்கச் சிறுமி. அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த இன்சுலின் அவளைப் பிழைக்கவைத்தது. பின்னாளில் அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். 1981 வரை வாழ்ந்தார். பாஸ்டனில் டாக்டர் பிரிசில்லா வைட் 1924இல் சுகர் உள்ள கர்ப்பிணிகளைக் கவனிக்கத் தொடங்கியபோது குழந்தைகளில் 54 சதவீதமே பிழைத்தன. 1974இல் அவர் ஓய்வுபெறும்போது 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்தன. “தங்காது” என்ற பேச்சு நூறு வருடப் பழசு.

பிள்ளைக்கு வருமா என்பதற்கும் எண் உண்டு. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் கணக்குப்படி, தாய்க்கு டைப் ஒன் இருந்து 25 வயதுக்கு முன் பெற்றால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 25இல் ஒன்று. அதற்குப் பின் பெற்றால் 100இல் ஒன்று. தந்தைக்கு இருந்தால் 17இல் ஒன்று. பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளையின் சுகரைப் பற்றி எத்தனை வீட்டில் விசாரிக்கிறார்கள்?

“இதெல்லாம் காசு இருக்கிறவங்க வைத்தியம்.”

எல்லா வாதத்திலும் கனமானது இதுதான். ஸ்ட்ரிப் விலை, தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரின் விலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் போகிற கூலி எல்லாம் உண்மை. டெய்லர் கடையிலோ கம்பெனி ஷிப்டிலோ வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாதம் இரண்டு நாள் லீவு கேட்பதே பெரும்பாடு. இதை மறுத்துப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் கர்ப்பத்துக்கு முந்திய வேலைகளில் முக்கியமானவை விலை குறைந்தவை. தயாராகும் வரை கருத்தடை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நாள் தள்ளிப்போன பிறகு தொடங்காமல் முன்பே தொடங்குவது. சுகர் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் கூடுதல் அளவு எழுதுவதுண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஹெச்.பி.ஏ.1சி, கண், சிறுநீர்ப் பரிசோதனைகள். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், கரண்ட் போகும் வெயில் நாளில், மண்பானைக்குள் பானை வைத்து இடையில் ஈர மணல் நிரப்பி இன்சுலினைக் காப்பது நம் நாட்டில் பழகிய முறை.

இடமும் தூரமில்லை. நாட்டின் முதல் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவு என்று சொல்லப்படுவதை 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கியது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான். 1954இல் சுகருக்கென்றே தனி மருத்துவமனையை அவர் நிறுவியது ராயபுரத்தில். ஸ்டான்லியோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருப்பதும் ராயபுரத்தில். சுகர் டாக்டரும் பிரசவ டாக்டரும் டோல்கேட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு கேள்விதான் விடுபட்டுப் போகிறது. சுகர் வாசலில் “குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?” என்று யாரும் கேட்பதில்லை. பிரசவ வாசலில் கேட்கும்போது காலம் கடந்திருக்கிறது. அரசு செய்ய வேண்டியது பெரிய திட்டமல்ல. பிள்ளை பெறும் வயதில் இன்சுலின் வாங்க வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சீட்டில் எழுதவைத்தால் போதும்.

அதுவரை அவளே முந்திக்கொள்ளலாம். அடுத்த முறை ஊசி மருந்து வாங்கப் போகும்போது, “அடுத்த வருஷம் குழந்தைக்குப் பாக்கலாம்னு இருக்கோம் டாக்டர், இப்பவே என்னென்ன பண்ணணும்?” என்று கேட்டுவிடலாம். விசேஷம் உண்டா என்று கேட்கும் ஊருக்கும், “உண்டு, வேலையை ஆரம்பிச்சாச்சு” என்று கூசாமல் சொல்லலாம்.