விவசாயிக்கும் வேணும் நாலு நாள் லீவு

மார்கழி பிறந்துவிட்டால் வங்கியில் மேலாளர் மேசை முழுக்க விடுப்பு விண்ணப்பம்தான். "எல்.எப்.சி. பிளாக் முடியப்போகுது சார்", "கிறிஸ்துமஸ் லீவோட சேர்த்து அஞ்சு நாள் கொடுங்க சார்" என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். அதே மார்கழியில் ஒரு விவசாயியிடம் எங்காவது நாலு நாள் போய் வாங்களேன் என்று சொல்லிப் பாருங்கள். "மாட்டை யாருங்க பாக்குறது?" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இயற்கை விவசாயிக்கு இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். யூரியா மூட்டைக்குத் தண்ணி காட்ட வேண்டியதில்லை, வைக்கோல் போட வேண்டியதில்லை. நமக்கு மாடு இருக்கு, கன்று இருக்கு. பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்கணும், மண்புழுப் படுக்கை காயாமப் பாக்கணும். எல்லாம் உண்மைதான். ஆனால் இதையே சொல்லிச் சொல்லி, இயற்கை விவசாயம் என்றால் ஆயுசுக்கும் வீட்டை விட்டு நகர முடியாது என்ற பெயரை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டோம். பண்ணையைப் பார்க்க வரும் இளைஞர்கள் ஏக்கருக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்பது, "லீவே கிடையாதா சார்?" இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. நம் பிள்ளைகள் மண்ணுக்கு வரத் தயங்குவதற்கு வருமானம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. அப்பா ஒரு நாள்கூட ஓய்ந்து உட்கார்ந்ததைப் பார்க்காத பிள்ளை அந்த வேலைக்கு ஏன் ஆசைப்படணும்?

வங்கித் துறையில் ஒரு விதி உண்டு. முக்கியமான பொறுப்பில் இருப்பவரை ஆண்டுக்கு ஒரு முறை, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள், முன்கூட்டிச் சொல்லாமலே கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இதற்கு முன்பும் கட்டாய விடுப்பு நடைமுறை இருந்தது. ஊழியர் மேல் உள்ள கரிசனம் இல்லை இது. ஒருவர் இல்லாதபோதுதான் அவர் மேசையில் என்ன நடக்கிறது என்று தெரியும். அவர் தலையில் மட்டும் இருக்கும் விஷயமெல்லாம் அப்போது காகிதத்துக்கு வந்தாகணும். அவர் இல்லாமல் கிளை ஓடவில்லை என்றால் அது அவருக்குப் பெருமை இல்லை, கிளைக்கு ஆபத்து.

நம் பண்ணைக்கும் இதே கணக்குதான். நீங்கள் நாலு நாள் இல்லையென்றால் நின்றுபோகும் பண்ணை, நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் நிற்கும். அதை முதலில் மார்கழியிலோ தையிலோ சோதித்துப் பார்ப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பண்ணைகளில் அந்த முக்கியமான பொறுப்பில் இருப்பது பெரும்பாலும் நாம் இல்லை, வீட்டுக்காரம்மாதான். நாம் விதைத் திருவிழாவுக்குப் போகிறோம், பயிற்சிக்குப் போகிறோம், சங்கக் கூட்டம் என்று ராத்தங்கிக்கூட வருகிறோம். அத்தனை நாளும் பால் கறந்தது யார், சாணி அள்ளியது யார்? அதனால் நான் சொல்லும் லீவு இரண்டு பேரும் சேர்ந்து போகும் லீவு. அவர் இல்லாமல் நாம் மட்டும் போனால் அது இன்னொரு மீட்டிங், அவ்வளவுதான்.

சரி, எப்போது போவது? எங்கள் கடைமடைப் பக்கம் மார்கழி சரிப்படாது. சம்பா பால் பிடித்து மணி கட்டும் நேரம், எலி வேறு. தை அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது ஈரவயலில் உளுந்து தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்து, காயவைத்து, வைக்கோலைப் போரடித்துவிட்டால் அதற்கப்புறம் உளுந்தை வளர்ப்பது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராத்திரிப் பனியும்தான். ஆடு மாடு மேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும். அந்த இடைவெளிதான் எங்களுக்குக் குளிர்கால லீவு. மலைக்காட்டுப் பக்கம், தோட்டக்கால் பக்கம் கணக்கு வேறாக இருக்கும், அவரவர் பயிரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரமும் பொங்கல் விடுமுறையும் மட்டும் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானலில் அறை வாடகை ஏறிக்கிடக்கும், பாதிப் பொழுது வண்டி வரிசையிலேயே போய்விடும். சினை மாடு இருந்தால் சினை சேர்ந்த தேதியிலிருந்து 280 நாளைத் தோராயமாக எண்ணி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எங்கே போவது என்பதில் என் கட்சி பக்கத்து ஊர்க் கட்சி. கடலோரத்துக்காரர் மலைக்குப் போகட்டும், மலையடிவாரத்துக்காரர் கடலுக்கு வரட்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் சாமை, தினை, மிளகு, பலா எல்லாம் ஒரே மலையில் இருக்கிறது. எங்கள் பக்கம் வருபவர்களுக்குக் கோடியக்கரையைச் சொல்வேன். 2002-லேயே ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. குளிர்காலத்தில் பூநாரை கூட்டம் கூட்டமாக நிற்கும். வட துருவப் பக்கம் முட்டையிட்டுவிட்டு நம்ம ஊர்ச் சேற்றில் புழு தேடும் உள்ளான்களைப் பார்க்கலாம், காட்டுக்குள் வெளிமான் பார்க்கலாம். வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். வேதாரண்யத்தில் தங்கிக்கொண்டு, இன்னொரு நாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போய் வரலாம். மூணு நாளுக்கு இது தாராளம்.

வெளிநாடுதான் போகணும் என்பவர்களுக்கு தாய்லாந்து பேக்கேஜை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். யாழ்ப்பாணம் போங்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடலில் சுமார் நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். அதனால் தை கடைசி, மாசிதான் தோது. கிளம்பும் முன் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறு கிடையாது, செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறைக்குள் நிற்கும் கிணற்றுத் தண்ணியும்தான். அதை வைத்துக்கொண்டு வெங்காயமும் மிளகாயும் போட்டு வளர்ந்த ஊர். ரசாயன உரத்தால் கிணற்றுத் தண்ணியில் நைட்ரேட் ஏறிய கதையும் அங்கே உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கு. 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அன்றிலிருந்து டீக்கடையில் நம்மைப் பார்த்தால் "இலங்கை என்னாச்சு பாத்தீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரே உத்தரவில் நாட்டையே மாற்றுவதற்கும், இரண்டு மூணு வருஷம் மண்ணைப் பழக்கி மாறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்குள்ள விவசாயி வாயால் கேட்டு வருவது நல்லது. டீக்கடைக்குப் பதில் சொல்லவாவது ஆகும்.

பணத்துக்குப் பழைய தொழில் புத்தியில் ஒன்று சொல்கிறேன். பயிர்க்கடனில் டூர் போகாதீர்கள், கிரெடிட் கார்டையும் தேய்க்காதீர்கள். மாசம் 1,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி., வீட்டுக்காரம்மா பெயரில். வருஷம் முடிந்தால் 12,000 ரூபாயும் வட்டியும் கையில். உள்ளூர்ப் பயணத்துக்கு இது போதும். கப்பல் ஏறணும் என்றால் இரண்டு வருஷம் சேருங்கள், அதற்குள் பாஸ்போர்ட்டும் எடுத்துவிடலாம்.

இனி மாடு. நானும் பக்கத்து ஊர் நண்பர் ஒருவரும் கைமாற்று வைத்திருக்கிறோம். அவரும் நம்ம வழி விவசாயிதான். தை கடைசியில் நாங்கள் கிளம்பினால் அவர் வந்து பார்ப்பார், மாசியில் அவர்கள் போகும்போது நான். "அண்ணே, ரெண்டு நாள் முன்னாடியே வந்து தண்ணி காட்டுறேன், மாடு பழகட்டும்" என்று அவர்தான் முதலில் சொன்னார். உம்பளச்சேரிப் பசு புது ஆளுக்குப் பால் இறக்காது. அந்த நாலு நாளும் கன்று வயிறு நிறையக் குடிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். பஞ்சகவ்யப் பானையைத் திரும்பி வந்த பிறகுதான் புதிதாகப் போடுவது. எந்த மாட்டுக்கு எவ்வளவு தவிடு, எது உதைக்கும், மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும், கால்நடை மருத்துவர் நம்பர் என்ன என்பதையெல்லாம் என் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறார். அதில் பாதி எனக்கே தெரியாத விஷயம்.