எரித்த இசையும் எடுத்தாண்ட இசையும்

1979-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கொமிசுகி என்னும் பந்தாட்ட அரங்கு. இடிசுகோ இசைத்தட்டு ஒன்றைக் கையோடு கொணர்வார்க்கு நுழைவுக் கட்டணம் 98 செண்டு மட்டுமே என்று அறிவித்திருந்தனர். திரண்ட கூட்டம் ஏறத்தாழ ஐம்பதாயிரம். இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட பொழுதில், சுடீவ் தால் என்னும் வானொலி அறிவிப்பாளர் களத்தின் நடுவே வந்து நின்று, பெட்டியில் குவித்த இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். தீயும் புகையும் எழுந்த அளவில் ஆயிரக்கணக்கானோர் களத்துள் பாய்ந்து கையிற்பட்டதை எல்லாம் பிய்த்தெறிந்தனர். இரண்டாம் ஆட்டம் நடைபெறவே இல்லை. எதிரணியாகிய தெத்திராய்ட்டு அணி வென்றதாக அறிவிக்கப்பெற்றது.

அன்று அவ்வரங்கில் இருக்கை காட்டும் பணியில் இருந்த கறுப்பின இளைஞர் வின்சு இலாரன்சு. பின்னாளில் அவரே இசை வல்லுநராய்ப் பெயர் பெற்றார். கூட்டத்தினர் கொண்டுவந்து எறிந்தவற்றுள் இடிசுகோவே அல்லாத கறுப்பினப் பாடகர்தம் இசைத்தட்டுகளும் இருந்தன என்று அவர் கூறியுள்ளார். பாட்டு பிடிக்காதவன் காதைப் பொத்திக்கொண்டு போவான். பாடியவனைப் பிடிக்காதவனே தட்டைக் கொளுத்துவான். இவ்விரண்டும் ஒன்றல்ல.

இதனை ஈண்டு எழுத நேர்ந்ததற்குக் கரணியம் உண்டு. நம் இதழைப் படிக்கும் கல்லூரி இளைஞர் ஒருவர், "இக்காலத்து மேலை ஆட்டப் பாடல்கள் என்னைக் கவர்கின்றன, தூயதமிழ்ப் பற்றுள்ளவன் இவற்றைக் கேட்கலாமா?" என்று மடல் விடுத்திருந்தார். பெரியவர் இருவரிடம் காட்டினோம். ஒருவர் சிரித்தார், மற்றவர், "அக்குப்பையைக் கொளுத்து என எழுதுக" என்றார். அவர்பால் நமக்குள்ள மதிப்பு என்றும் குறையாது. எனினும் கொளுத்துவார் வரிசையில் நாம் நிற்பதற்கில்லை. தன் மொழியும் தன் கலையும் இகழப்பட்ட வரலாறு உடைய இனம், பிறிதோர் இகழப்பட்ட இனத்தின் கலையை இகழுமாயின், அவ்வினத்திற்குத் தன் வரலாறே விளங்கவில்லை என்பது பொருள்.

முதலில் சொல்லை ஆய்வோம். அது நம் வழக்கம். 'இடிசுகோ' என்பது 'இடிசுகோதெக்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் தலை மட்டும். நூலகத்தைக் குறிக்கும் 'பிபிலியோதெக்' என்பதைப் பின்பற்றி இசைத்தட்டகத்திற்கு அவ்வாறு பெயரிட்டனர். அதன் அடியில் நிற்பது வட்டு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். எனவே இதனை வட்டிசை என்று நாம் தயங்காது சொல்லலாம். மற்றொன்று 'பங்க்'. நம் எழுத்தில் எழுதினால் பங்கு என்றே ஆகிவிடுகின்றது. அப்பெயரின் பொருத்தம் சற்றுப் பின்னர் விளங்கும். அச்சொல் நடு ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழிச் சொல்லாகிய 'உலுஃபுகி'யிலிருந்து வந்தது என ஆய்வறிஞர் ஒரு சாரார் கருதுவர். உடல் வியர்வையின் மணம் என்பது அதன் பொருள். உழைத்தவன் உடலின் மணத்தை அம்மக்கள் இழிவாகக் கொள்ளவில்லை, பெருமையாகக் கொண்டனர் என்றும் அவர்கள் விளக்குவர். வேறு வகையாகச் சொல்வாரும் உளர். நாம் வியர்விசை என்போம். இவற்றினும் நல்ல சொல் எவர்க்கேனும் தோன்றின் எழுதுக.

இவ்விரண்டின் இயக்கம் எளியது. எளிய பொருளே கைவரப் பெறுவதற்கு அரியது. நான்கு அடி கொண்ட ஒரு சுற்றில் முதலடியின்மீது மொத்த இசைக்குழுவும் ஒருங்கே விழுவது வியர்விசை. 1960-களில் சேம்சு பிரௌன் இதனை வகுத்தார். முதலடி உறுதியாக நின்றபின் எஞ்சிய அடிகளின் இடுக்குகளில் கித்தாரும் ஊதுகருவியும் முழவும் ஒளிந்து விளையாடும். வட்டிசையிலோ நான்கு அடியும் சமமாக, காலடியில் உள்ள பெருமுழவில் விழும். அடிக்கும் அடிக்கும் இடையில் கைத்தாளத் தட்டு திறந்து மூடும். மணித்துளிக்கு ஏறத்தாழ 120 அடி. விரைந்து நடக்கும் மாந்தன் காலடியும் அவ்வளவே. ஆகவே ஆடத் தெரியாதவனும் ஆடுவான். 1977-இல் செருமனியின் மூனிச்சு நகரில் இத்தாலியராகிய சியார்சியோ மொரோதர், அமெரிக்கக் கறுப்பினப் பாடகி தோனா சம்மரைக் கொண்டு, ஏறத்தாழ முழுதும் மின்பொறி ஒலியாலேயே ஒரு பாடலை ஆக்கினார். இன்று நாம் கேட்கும் பொறியிசைப் பாடல்கள் பலவற்றுக்கு அஃதே தாய் என்னலாம்.

சிக்காகோவில் எரித்தபின் இவ்விசை இறந்ததா? அதே சிக்காகோவில், கறுப்பின இளைஞர் கூடிய ஆட்டக்கூடங்களில், 1980-களில் 'அவுசு' என்னும் புதிய இசையாய் முளைத்தது. அதனைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாரிசு நகரத்து இளைஞர் இருவர். 'தாஃப்ட் பங்க்' என்பது அவர்கள் குழுவின் பெயர். 1997-இல் வெளிவந்த தங்கள் முதல் இசைத்தொகுப்பில் 'ஆசிரியர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாட்டு வைத்தனர். அதில் பெரும்பாலும் பெயர்களே வரும். யார் யாரிடம் தாங்கள் கற்றோம் என்னும் பெயர்கள். 2013-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் மொரோதரையே அழைத்துவந்து, அவர் குரலிலேயே அவர்தம் வாழ்வைச் சொல்லச் செய்து, அதற்கு இசை கூட்டினர். 1979-இல் வட்டிசையின் உச்சியில் இருந்த 'சீக்' குழுவின் நைல் இராட்சர்சை அழைத்துக் கித்தார் இசைக்க வைத்தனர். 2010-இல் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டிருந்தவர் அவர். அத்தொகுப்பு 2014 தொடக்கத்தில் அமெரிக்க இசையுலகின் கிராமி விருதுகளுள் ஆண்டின் சிறந்த தொகுப்பிற்கான விருதைப் பெற்றது. தம் பழைய இசையை இளையோர் முன்னிலையில் தாமே வாசித்து, தம் பெயர் சொல்லப்படக் கேட்கும் பேறு இராட்சர்சுக்கு வாய்த்தது. அவருடைய கூட்டாளியாகிய பெர்னார்டு எட்வர்ட்சு 1996-இலேயே மறைந்துவிட்டார்.

எல்லாரும் இவ்வாறு நடந்தனரா எனின், இல்லை. அந்த எட்வர்ட்சு வாசித்த அடிநரம்பிசையை 1979-லேயே வேறொரு குழுவினர் எடுத்துத் தங்கள் பேச்சுப் பாட்டுக்கு அடித்தளமாக்கிப் பெரும்பொருள் ஈட்டினர். வழக்குத் தொடுப்போம் என்று எட்வர்ட்சும் இராட்சர்சும் சொன்ன பின்னரே அவர்கள் பெயர் அப்பாட்டில் ஏறிற்று. 2014-இல் மார்க்கு இரான்சனும் புரூனோ மார்சும் வெளியிட்ட வியர்விசைப் பாடல் 2015-இல் அமெரிக்கப் பட்டியலில் 14 கிழமைகள் முதலிடத்தில் நின்றது. அதன் சாயல் 1979-இல் 'கேப்' குழுவினர் பாடியதை ஒத்ததாக உரிமை கோரப்பட்டது. அப்பாட்டை ஆக்கிய ஐவர் பெயரும் சேர்க்கப்பட்டு, நூற்றுக்கு 17 பங்கு அவர்களுக்கு வழங்கப்பெற்றது. பங்கு என்னும் பெயரின் பொருத்தத்தை இங்கே காண்க.

பங்கே பெறாதவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் கிளைடு சுடபிள்ஃபீல்டு; சேம்சு பிரௌனின் முழவர். 1969 நவம்பரில் பதிவான ஒரு பாடலில், பிற கருவிகள் அடங்கிய சில நொடிகளில் அவர் தனியே கொட்டிய கொட்டு, அதன்பின் எண்ணற்ற பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட ஒலித்துண்டுகளுள் அஃதொன்று. ஆக்கியோர் வரிசையில் முழவர்க்கு இடமில்லை. ஆதலின் படைப்புரிமைத் தொகையும் அவர்க்கில்லை. 2017-இல் அவர் மறைந்தார். கொட்டிய கை மறைந்த பின்னும் கொட்டு ஒலித்துக்கொண்டே உள்ளது. நம் நாட்டில் பறை கொட்டியவர் பெயரை எந்த ஏட்டில் எழுதி வைத்தோம் என்று நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

வழக்குமன்றம் இதற்குத் தீர்வாகுமா? இங்கே நம் கருத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2013-இல் வந்த ஒரு பாடல், மார்வின் கே 1977-இல் பாடியதன் படி என அவர் குடும்பத்தார் வழக்காடினர். 2015-இல் நடுவர் குழுவினர் ஏறத்தாழ 74 நூறாயிரம் தாலர் தருமாறு தீர்ப்பளித்தனர். அது பின்னர் 53 நூறாயிரமாகக் குறைக்கப்பட்டு, 2018-இல் மேல்மன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் மேல்மன்றத்து மூவருள் ஒருவர் உடன்படவில்லை. ஓர் இசையின் பாங்கையே ஒருவர்க்கு உடைமையாக்கிப் பூட்டுவதாகும் இது என்பது அவர் கவலை. அக்கவலையில் உண்மை இருக்கின்றது. நான்கடிக் கொட்டு எவர் வீட்டு உடைமையும் அன்று. துவா இலிபா என்னும் பாடகியின் 2020-ஆம் ஆண்டு வட்டிசைப் பாடல்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, இத்தகைய பொதுக் கூறுகளை எவரும் தமக்கே உரியதாகக் கோர முடியாது என்னும் அடிப்படையில் 2025-இல் தள்ளுபடியாயிற்று, அது சரியே. பாங்கு பொதுவாகலாம், பெயர் பொதுவாகாது. மன்றம் பணத்தைத்தான் பங்கிடும். வேரைச் சொல்லும் நாணயம் பாடுவோனிடத்தில் இருக்க வேண்டியது.

இனி நமக்கு நெருங்கிய வினாவுக்கு வருவோம். தாளத்தை எடுத்தால் மொழியையும் எடுத்தாக வேண்டுமா?

தென்கொரியாவின் எழுவர் குழு ஒன்றை இன்று அறியாத இளைஞர் இல்லை. மூன்று ஆங்கில எழுத்துகளால் அழைக்கப்படுவது அது. 2018-லேயே அவர்களின் கொரிய மொழித் தொகுப்பொன்று அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 2019-இல் வியர்விசைச் சாயலில் கொரியத்திலேயே பாடினர், குறையொன்றும் நேரவில்லை. 2020 ஆகத்தில் வெளியிட்ட வட்டிசைப் பாடலை மட்டும் முழுதும் ஆங்கிலத்தில் பாடினர். எழுதியவர் இருவரும் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள். அப்பண்ணுக்கு ஆங்கிலமே பொருந்திற்று என்பது குழுவினர் தந்த விளக்கம். பாட்டு அமெரிக்கத் தனிப்பாடற் பட்டியலில் முதலிடம் ஏறிற்று. உடனே நம்மூர் ஆங்கிலப் பித்தர், "பார்த்தீர்களா, ஆங்கிலமின்றி உலகில்லை" என்றனர். ஆனால் அதே ஆண்டு திசம்பரில் அதே குழுவினரின் பெரும்பான்மையும் கொரியத்தில் அமைந்த பாடல், அதே பட்டியலில் நேரே முதலிடத்தில் நுழைந்தது. அமெரிக்க வானொலிகள் அதனை மிகக் குறைவாகவே ஒலிபரப்பின என்பதையும் சேர்த்து எண்ணுக. அப்பித்தர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிரான்சு மற்றொரு பாடம். தாஃப்ட் பங்க் குழுவினரை மேலே புகழ்ந்தோம். வேரைச் சொன்னதற்காகப் புகழ்ந்தோம். ஆயினும் பாரிசைச் சேர்ந்த அவர்கள் உலகறியப் பாடிய பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை என்பதை மறைப்பதற்கில்லை. அந்நாட்டு அரசோ 1994-இல் சட்டம் இயற்றி, 1996 சனவரி முதல் வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் நூற்றுக்கு 40 பிரெஞ்சு மொழியில் அமைய வேண்டும் என்று விதித்தது. பின்னர்ச் சில தளர்வுகள் வந்தன, சட்டம் நிற்கின்றது. 2018-இல் கிளாரா உலூசியானியும், 2021-இல் சூலியத்து ஆர்மனேயும் வட்டிசையைத் தூய பிரெஞ்சில் பாடி நாடு முழுதும் ஒலிக்கச் செய்தனர். ஆர்மனேயின் பாடற்பெயரே 'இடிசுகோவின் இறுதி நாள்' என்பது. ஆங்கிலச் சொல்லில் ஓரசை அழுந்தும், பிற தளரும். பிரெஞ்சில் அவ்வழுத்தம் சொல்தோறும் இல்லை. அத்தகைய மொழியே நான்கடியில் அமர்ந்ததென்றால், இசை மொழியைத் தள்ளவில்லை. பாடுவோரின் சோம்பலே தள்ளுகின்றது.

1980-களில் நம் திரைப்பாடல்களில் இவ்விசை புகுந்தபோது நேர்ந்தது வேறு. கொட்டு வந்தது, கூடவே ஆங்கிலக் கூவலும் வந்தது. தமிழ்ச்சொல் இவ்விரைவுக்கு வளையாது என்றார் பாட்டெழுதுவோர் சிலர். குறிலும் நெடிலும் அளந்து, வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் பிரித்து, இருபது வண்ணங்களைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அருணகிரியார் சந்தங்களுக்குக் கொட்டத் தெரிந்தவன் எவனும் இந்த நான்கடிக்கு அஞ்சமாட்டான். இதைச் சொன்னால் பழம்பெருமை என்பர். பழம்பெருமையாகவே இருக்கட்டும், கையில் இருக்கும் கருவியை எடுத்து ஆளாதவனுக்குத்தான் அது வெறும் பெருமை.

மடல் விடுத்த இளைஞர்க்கு விடை இது: கேளுங்கள். காலால் தாளமிட்டும் கேளுங்கள். பிறகு எழுதுங்கள். மணித்துளிக்கு 115 அடி. மேற்சொன்ன பாரிசுக் குழுவின் 2013-ஆம் ஆண்டுப் பாடலும், 2014-இன் வியர்விசையும், கொரியரின் 2020-ஆம் ஆண்டு ஆங்கிலப் பாடலும் ஏறத்தாழ இந்த விரைவில் ஓடுபவையே. அவ்விரைவில் அமர்ந்து, பிறமொழிச் சொல் ஒன்றும் கலவாத பாட்டொன்றை எவரேனும் யாத்து விடுப்பாராயின் இவ்விதழில் வெளியிடுவோம். எவர் கொட்டைக் கேட்டு எழுதினீர்கள் என்பதைப் பாட்டின் தலையிலேயே குறித்து விடுக. முழவர் பெயர் தெரிந்தால் அதனையும் எழுதுக.